என் பையனுக்கு முன்னால் அந்த 219 பேர் எப்படிப் போனார்கள்?

போன ஞாயிறு காலை, பெரம்பூர் பேப்பர் மில்ஸ் ரோட்டில் என் வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்தார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு வியாசர்பாடி. மஞ்சப்பையிலிருந்து நான்காக மடித்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தார். 40 பக்கத்துக்கு மேல் இருக்கும். மொத்தம் 2,100 பெயர். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பெயருக்குப் பச்சை மை பூசியிருந்தது. அதற்கு முந்தைய பக்கங்களில் அங்கங்கே சில பெயர்களுக்கு எதிரே பென்சிலில் சின்னச் சின்னக் கோடு.

"பச்சையில இருக்கிறவன் என் பையன் சார். பென்சில் போட்டதெல்லாம் அவனுக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்த பசங்க. 219 பேர். ரெண்டு ராத்திரி உக்காந்து எண்ணினேன். அவங்க எப்படி சார் இவனுக்கு முன்னால போனாங்க?"

பையன் ஒரு விமான கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. அந்தக் கம்பெனி, தன்னைப்போல் இரண்டு மடங்கு பெரிய இன்னொரு கம்பெனியோடு இணைந்துவிட்டது. பழைய சீனியாரிட்டி பட்டியலில், அதாவது பணிமூப்பு வரிசையில், 700 பேரில் அவன் 412-வது. இப்போது வந்திருக்கும் உத்தேசப் பட்டியலில் 2,100 பேரில் 1,630-வது. ஆட்சேபணை சொல்ல 30 நாள் கெடு. அதில் 19 நாள் போய்விட்டது. இது நியாயமா, ஹைகோர்ட்டில் கேஸ் போடலாமா, பையன் வேலையை விட்டுவிடலாமா என்று மூன்று கேள்வி கேட்டார். நான் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவன். ரயில்வே, துறைமுகம், பாங்க் என்று சீனியாரிட்டி தகராறுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். அவரிடம் சொன்னதை எழுதியும் கொடுக்கச் சொன்னார், பையனோடு இருக்கும் மற்றவர்களின் வீட்டிலும் படிக்கட்டும் என்று. அதுதான் இது. கம்பெனி பெயர் வேண்டாம். எண்களையும் தேதிகளையும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், கணக்கு மாறாமல்.

முதலில், ஒரு எண்ணுக்காக ஏன் இத்தனை பேர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து வீட்டுப் பையன் ஐ.டி. கம்பெனியில் இருந்தால், பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போவான், சம்பளமும் ஏறும். விமானிக்கு அது நடக்காது. அவன் 10 வருடம் ஓட்டியிருந்தாலும் அடுத்த கம்பெனியில் சேரும் நாளில் அந்தப் பட்டியலின் கடைசி ஆள் அவன்தான். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றுபோனபோது எத்தனையோ அனுபவசாலிகள் வேறு இடங்களில் போய் வரிசையின் வாலில் நின்றார்கள். லைசென்ஸ் கையில் இருக்கும், பறந்த மணிக்கணக்கு லாக்புக்கில் இருக்கும், சீனியாரிட்டி மட்டும் பழைய கம்பெனியோடு போய்விடும். எப்போது கமாண்ட் கிடைக்கும், அதாவது எப்போது இடது பக்க இருக்கையில் கேப்டனாக உட்காருவான், எப்போது பெரிய விமானத்துக்குப் போவான், சென்னை பேஸ் கிடைக்குமா, வாழ்நாள் முழுக்க வேறு ஊரில் வாடகை கொடுப்பானா, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே போவார் என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் கேப்டனுக்கும் சம்பளத்தில் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. கமாண்ட் 4 வருடம் தள்ளிப்போனால், பயிற்சிக்காக வாங்கிய கடனின் வட்டி 4 வருடம் கூடுதலாக ஓடும். இந்தப் பெரியவர் பையனின் படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தைப் பாங்கில் வைத்திருக்கிறார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ரயில்வே குடும்பத்துக்கு இதை விளக்க ஒரே வார்த்தை போதும்: பாட்டம் சீனியாரிட்டி. சொந்த விருப்பத்தில் வேறு டிவிஷனுக்கு மாற்றல் கேட்டுப் போனால், எத்தனை வருட சர்வீஸ் இருந்தாலும் புது இடத்தில் அந்த கிரேடின் கடைசிப் பெயராகத்தான் சேர வேண்டும். பெரம்பூரிலும் அயனாவரத்திலும் இது தெரியாத வீடு கிடையாது. ஆனால் அங்கே ஒரு நியாயம் உண்டு. கேட்டது நீங்கள், உங்கள் வசதிக்காகக் கேட்டீர்கள், அங்கே ஏற்கெனவே வரிசையில் நிற்கிறவன் ஏன் நஷ்டப்பட வேண்டும்? விமான கம்பெனி இணைப்பில் யாரும் மாற்றல் கேட்கவில்லை. முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு வரிசைகள் ஒன்றாக வேண்டிய கட்டாயம் வந்தது. கேட்காதவனுக்கு பாட்டம் சீனியாரிட்டி கொடுத்தால் அதற்கு விமானிகள் மத்தியில் ஒரு பெயர் இருக்கிறது: 'ஸ்டேபிள்'. இந்தப் பட்டியலின் கடைசியில் அந்தப் பட்டியலை ஸ்டேபிள் பின் அடித்துவிடுவது.

அப்படியானால் சேர்ந்த தேதிப்படி எல்லோரையும் வரிசைப்படுத்திவிட்டால் தீர்ந்ததே என்று பெரியவர் கேட்டார். எல்லோரும் கேட்பது இதைத்தான். நான் உள்ளே போய் என் அம்மாவின் பல்லாங்குழிப் பெட்டியை எடுத்து வந்தேன். மேஜையில் 20 புளியங்கொட்டையை வரிசையாக வைத்தேன். இது பழைய கம்பெனி. முதல் 8 பேர் கேப்டன், மீதி 12 பேர் ஃபர்ஸ்ட் ஆபீசர். புது விமானம் எதுவும் வாங்கவில்லை, அதனால் 11 வருடமாக ஃபர்ஸ்ட் ஆபீசராகவே இருக்கிறவர் உண்டு. பக்கத்தில் 10 சோழி. இது ஐந்தாறு வருடத்துக்கு முன் ஆரம்பித்த கம்பெனி. வேகமாக வளர்ந்தது. 5 கேப்டன், 5 ஃபர்ஸ்ட் ஆபீசர். இணைந்த கம்பெனியில் கேப்டன் நாற்காலி மொத்தம் 13.

தேதிப்படி அடுக்கினால் 20 புளியங்கொட்டையும் மேலே, 10 சோழியும் கீழே. புதுக் கம்பெனியின் 5 கேப்டன்களும் 21-வது இடத்திலிருந்து தொடங்குவார்கள். 13 நாற்காலியில் ஒன்றுகூட அவர்களுக்கு நிலைக்காது. நேற்றுவரை விமானத்தைத் தன் பொறுப்பில் ஓட்டியவர் நாளை வலது பக்கம் போவார். தேதி என்பது பார்க்க நடுநிலையாகத் தெரியும், ஆனால் ஒரு கம்பெனி பழையது, ஒன்று புதியது என்றால் அது ஸ்டேபிள் அடிப்பதற்குச் சமம்.

சரி, விகிதப்படி கோர்க்கலாம். இரண்டு புளியங்கொட்டை, ஒரு சோழி, மறுபடி இரண்டு, ஒன்று. முதல் 13 இடத்தில் 9 புளியங்கொட்டையும் 4 சோழியும் வரும். ஒரு சோழி கேப்டன் இறங்குவார், ஒரு புளியங்கொட்டை ஃபர்ஸ்ட் ஆபீசர் ஏறுவார். இதைவிடத் துல்லியமாக, பதவி வாரியாகக் கோர்க்கலாம். கேப்டன்களை 8-க்கு 5 என்று கலந்து, அதன் கீழே ஃபர்ஸ்ட் ஆபீசர்களை 12-க்கு 5 என்று கலப்பது. யாரும் இருக்கையிலிருந்து இறங்க வேண்டியதில்லை. ஆனால் 11 வருடம் காத்திருந்த அந்த மூத்த ஃபர்ஸ்ட் ஆபீசரைப் பாருங்கள். தன் கம்பெனியில் அவர் 20 பேரில் 9-வது. இப்போது 30 பேரில் 14-வது. சதவீதமாகப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே இடம்தான். ஆனால் அவர் பக்கத்தில் நிற்பது 2 வருட சர்வீஸ் உள்ள சோழி. அவர் மனம் எப்படி ஆறும்? அதோடு அவர் இன்னொன்றும் சொல்வார்: "எங்கள் கம்பெனி கேப்டன்கள் எல்லோரும் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். 3 வருடத்தில் அந்த 8 நாற்காலியும் எங்களுக்கு வந்திருக்கும். அதில் இவர்களுக்கு எப்படிப் பங்கு?" சோழிக்காரர் பதில் சொல்வார்: "இணைப்பு நடக்காவிட்டால் உங்கள் கம்பெனியே இருந்திருக்காது."

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. பெரியவர் கொஞ்ச நேரம் அந்தக் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அந்த 219 பேர்ல தப்பு இல்லாமலும் இருக்கலாம், அப்படித்தானே?" என்றார். இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் சண்டைக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

இந்தத் தகராறில் உலகம் அதிக விலை கொடுத்துக் கற்றது அமெரிக்காவில். 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், திவாலாகிக்கொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ.வை வாங்கியது. அந்தக் கம்பெனியின் சுமார் 2,300 விமானிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பட்டியலின் அடியில் ஸ்டேபிள் அடிக்கப்பட்டார்கள். விமானப் பணிப்பெண்களின் நிலை இன்னும் மோசம், மொத்தப் பேரும் கடைசியில். அதே வருடம் செப்டம்பர் தாக்குதல் நடந்தது, விமானத் தொழில் சரிந்தது, ஆட்குறைப்பு வந்தது. கடைசியில் இருந்தவர்கள்தானே முதலில் போவார்கள்? 20, 30 வருடம் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கம்பெனியின் தளம் மிசூரி மாநிலத்தில் இருந்தது. அந்த மாநிலத்தின் செனட்டர்கள் மெக்காஸ்கில், பாண்ட் இருவரும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். அவர்கள் சேர்ந்து கொண்டுவந்த சட்டம் 2007 டிசம்பரில் வந்தது. விமான கம்பெனிகள் இணைந்தால் சீனியாரிட்டியை நியாயமாகவும் சமமாகவும் இணைக்க வேண்டும், பேசித் தீராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போக வேண்டும் என்பது அதன் சாரம்.

அதைவிட நான் யாரிடமும் மறக்காமல் சொல்வது யு.எஸ். ஏர்வேஸ் கதை. 2005-ல் அது அமெரிக்கா வெஸ்ட் கம்பெனியோடு இணைந்தது. நம் புளியங்கொட்டை, சோழி கதைதான் அப்படியே. கிழக்குப் பக்கம் பழைய கம்பெனியான யு.எஸ். ஏர்வேஸ், திவால் நிலை, சுமார் 1,700 விமானிகள் வேலையில்லாமல் வீட்டில். மேற்குப் பக்கம் சின்னக் கம்பெனி, இளையவர்கள், ஒருவரும் வீட்டில் இல்லை. இரு தரப்பும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். நடுவரின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்று முன்பே ஒப்புக்கொண்டார்கள். 2007-ல் ஜார்ஜ் நிக்கோலாவ் என்ற நடுவர் தீர்ப்பளித்தார். பெரிய விமானம் ஓட்டிய கிழக்கு மூத்தவர்கள் சுமார் 500 பேர் மேலே, வீட்டில் இருந்த 1,700 பேர் கீழே, நடுவில் மற்றவர்களை விகிதப்படி கோர்த்தார். கிழக்கில் சுமார் 17 வருட சர்வீஸ் உள்ளவருக்குப் பக்கத்தில் மேற்கில் சில மாதம் முன்பு சேர்ந்தவர் வந்து நின்றார்.

கிழக்குக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம். தீர்ப்பை ஏற்க மாட்டோம் என்றார்கள். 2008-ல் ஓட்டுப் போட்டுப் பழைய சங்கத்தையே வெளியேற்றி, தேதிப்படிதான் சீனியாரிட்டி என்று புதுச் சங்கம் வைத்தார்கள். மேற்குக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வருடக்கணக்கில் ஒரே கம்பெனிக்குள் இரண்டு வரிசை, இரண்டு ஒப்பந்தம். பொது ஒப்பந்தம் போட முடியாததால், சண்டையை ஆரம்பித்த கிழக்குக்காரர்கள் திவால் காலத்துக் குறைந்த சம்பளத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2013-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணையும்வரை இது நீடித்தது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் புதுச் சங்கம் மேற்கு விமானிகளை நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யவில்லை என்று தீர்ப்பளித்தது. ஒன்றிணைந்த பட்டியல் நடுவர் குழு மூலம் 2016-ல்தான் வந்தது. 2005-லிருந்து எண்ணிப் பாருங்கள், 11 வருடம். ஒரு விமானியின் பணிக்காலம் 30, 35 வருடம் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. வரிசையில் ஐந்நூறு இடம் கீழே போயிருந்தால்கூட அவ்வளவு நஷ்டம் வந்திருக்காது என்பது என் திடமான எண்ணம்.

நேர்மாறாக, 2008-ல் டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் இணைந்தபோது, விமானிகளின் பொது ஒப்பந்தத்தை இணைப்பு முடியும் முன்பே போட்டுவிட்டார்கள். பட்டியலை நடுவர் குழுவிடம் விட்டார்கள், அதே வருடம் டிசம்பரில் பட்டியல் கையில் வந்தது. எல்லோருக்கும் திருப்தியா? இல்லை. ஆனால் எல்லோரும் தங்கள் வாழ்க்கையைத் திட்டமிட முடிந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாக்கப்பட்டன. மேலே ஒரே கம்பெனி, கீழே இரண்டு சீனியாரிட்டி, இரண்டு சம்பளம், இரண்டு சங்கம். மனித வளத்தை இணைப்பதற்கு வழி சொல்ல நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு போட்டார்கள். அது அறிக்கை கொடுத்தது 2012 ஜனவரியில், இணைப்பு நடந்து 4 வருடத்துக்கு மேல் கழித்து. அதற்குள் வெடித்துவிட்டது. 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம்பள சமத்துவம் கேட்டு 10 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012 மே மாதம் பழைய ஏர் இந்தியா விமானிகள் இறங்கினார்கள். வரப்போகும் போயிங் 787-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பயிற்சி கொடுப்பதை எதிர்த்து 58 நாள். சுமார் 100 பேர் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள், அவர்களின் சங்கத்தின் அங்கீகாரமும் போனது. ஜூலையில் திரும்பி வந்தபோது அவர்கள் கேட்ட எதுவும் கையில் இல்லை.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் நம் பகுதி ஞாபகம்தான் வரும். 1918-ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் உருவானது இங்கே பெரம்பூரில், பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக. மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது அந்தத் தொழிலாளர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். புளியந்தோப்பில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன. ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றவர்கள். என் அப்பாவும் அந்த மில்லில்தான் வேலை பார்த்தார், அது பின்னாளில். அந்தப் பிளவைப் பற்றி அவர் தன் முன்னோரிடம் கேட்டதை எனக்குச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். பட்டியலில் பென்சில் கோடு போட்ட அந்த 219 பையன்களையும் எதிரியாகப் பார்க்க வேண்டாம் என்று நான் பெரியவரிடம் சொன்னதற்குக் காரணம் அதுதான். அவர்களில் ஒருவனும் தன் எண்ணைத் தானே எழுதிக்கொள்ளவில்லை. அவர்கள் அப்பாக்களும் பத்திரத்தை வைத்துத்தான் படிக்க வைத்திருப்பார்கள்.

இனி சட்டம். அமெரிக்காவில் உள்ளதுபோல் விமானிகளின் சீனியாரிட்டி இணைப்புக்கென்று தனிச் சட்டம் நமக்கு இல்லை. கம்பெனிகள் சட்டப்படி இணைப்புத் திட்டத்தைத் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் ஏற்கிறது. அந்தத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு நம் ராஜாஜி சாலையில்தான் இருக்கிறது, ஆனால் எந்த ஊர் அமர்வு என்பதைக் கம்பெனியின் பதிவு அலுவலகம்தான் முடிவு செய்யும். இப்படிப்பட்ட திட்டங்களில் ஊழியர்களைப் பற்றி வழக்கமாக ஒரு பத்தி இருக்கும்: சர்வீஸ் தொடர்ச்சி உண்டு, முன்பைவிடக் குறைவில்லாத நிபந்தனைகளில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள் என்று. கிராஜுவிட்டி, பி.எஃப். இதற்கெல்லாம் அந்தப் பத்தி பலம். வரிசையில் எத்தனையாவது என்பதை அது சொல்லாது. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், 'குறைவில்லாத நிபந்தனை' என்ற சொல் வாதத்துக்கு ஒரு பிடி.

ஹைகோர்ட்டில் ரிட், அதாவது அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் எதிரான மனு, போடலாமா? இங்கேதான் பலர் பணத்தையும் காலத்தையும் இழக்கிறார்கள். தனியார் கம்பெனி மேல் சீனியாரிட்டிக்காக ரிட் நிற்காது. ஏர் இந்தியா அரசிடம் இருந்தபோது ஊழியர்கள் பதவி உயர்வு, சம்பளம் பற்றித் தொடுத்த வழக்குகளே, கம்பெனி தனியாருக்குப் போனபின் ரிட்டாக நிற்காது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பாரிமுனைக்கு ஓட வேண்டாம்.

வழி தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் 1947-ன் தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. விமானப் போக்குவரத்து மத்திய அரசின் வரம்பு, ஆகவே மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம், அதாவது சாஸ்திரி பவன். விமானி தொழிலாளரா, அதிகாரியா என்று கம்பெனி வக்கீல் கேட்பார். விமானிகளைத் தொழிலாளர் என்று ஏற்ற தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. கேப்டன்களைவிட ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு அந்த வாதம் இன்னும் எளிது. ஆனால் முக்கியமான ஒன்று. வேலை நீக்கம் என்றால் ஒருவர் தனியாகவே தகராறு எழுப்பலாம். சீனியாரிட்டிக்கு அப்படி முடியாது. சங்கம் எடுத்து நடத்த வேண்டும், அல்லது கணிசமான எண்ணிக்கையில் சக விமானிகள் சேர வேண்டும். தனி ஆளாகப் பையன் எழுதும் கடிதம் பதிவுக்கு உதவும், தகராறாக நிற்காது.

கோபத்தில் எல்லோரும் லீவு போட்டுவிடலாம் என்று பேச்சு ஓடுகிறதாம். வேண்டாம். புதுச் சட்டத்தில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் பேசிவைத்து கேஷுவல் லீவு போட்டாலே அது வேலைநிறுத்தம். முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம். நியாயம் உள்ள கட்சி அங்கே தோற்றுப்போகும். ராஜினாமாவும் சுலபமில்லை. ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 6 மாதம், கேப்டனுக்கு 12 மாதம் என்று நோட்டீஸ் காலத்தை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017-ல் விதித்தது. போகிற இடத்தில் காத்திருப்பது பாட்டம் சீனியாரிட்டி.

இப்போது அந்த மேஜைக்குத் திரும்புகிறேன். சட்டம் பேசி முடித்தபின் நான் பட்டியலைக் கையில் எடுத்துக் கணக்குப் போட்டேன். பையன் 700-ல் 412, அதாவது 100-க்கு 59-வது இடம். விகிதப்படி கோர்த்திருந்தால் 2,100-ல் அவன் சுமார் 1,236-வது வர வேண்டும். தேதிப்படி என்றால், அவனுக்குப் பின் சேர்ந்த 219 பேரைக் கழித்தால் 1,411. வந்திருப்பது 1,630. இரண்டு முறையிலும் அடங்காத எண். அப்படியானால் மூன்றாவது முறை ஒன்று இருக்க வேண்டும், அல்லது ஒரு தேதி தவறாக இருக்க வேண்டும்.

பென்சில் கோடு போட்ட பெயர்களின் சேர்ந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரல் வைத்து, சத்தமாகப் படித்தார். 2018 ஆகஸ்ட் கடைசி. 2018 நவம்பர். 2019 ஜனவரி, பிப்ரவரி, மே. ஆகஸ்ட். கடைசிக் கோடு 2019 செப்டம்பர் இறுதி. அதற்குப் பிறகு சேர்ந்த ஒருவர்கூடப் பையனுக்கு மேலே இல்லை. அக்டோபரிலிருந்து எல்லோரும் அவனுக்குக் கீழே, ஒழுங்காக. கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு.

"2019 அக்டோபர்ல பையனுக்கு என்ன நடந்துது?" என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை. பையனுக்குப் போன் போட்டார். அவன் வேறு ஊரில் ஓட்டலில் இருந்தான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் தேதி 2018 ஆகஸ்ட் 6. டைப் ரேட்டிங் என்ற குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதி, சிமுலேட்டர், அதன்பின் பயிற்சி கேப்டனோடு பறந்த காலம் எல்லாம் முடிந்து, தனியாக ஃபர்ஸ்ட் ஆபீசராக ரிலீஸ் ஆன நாள் 2019 அக்டோபர் 11. பழைய கம்பெனியில் சீனியாரிட்டியை ரிலீஸ் ஆன தேதியிலிருந்துதான் எண்ணுவார்களாம். எல்லோருக்கும் அப்படியே என்பதால் உள்ளுக்குள் யாருக்கும் பிரச்சினை இருந்ததில்லை. மற்றக் கம்பெனியில் ஆர்டர் தேதியிலிருந்தே எண்ணுகிறார்கள். பட்டியல் போட்டவர் இரண்டு கம்பெனியிலிருந்தும் வந்த தேதிகளை அப்படியே எடுத்து ஒரே வரிசையில் கலந்துவிட்டார். ஒரு பக்கம் ஆர்டர் தேதி, மறு பக்கம் ரிலீஸ் தேதி. பையனின் 14 மாதப் பயிற்சி காணாமல் போனது இப்படித்தான்.

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். சதி நடந்திருக்கிறது, யாரோ காசு வாங்கிக்கொண்டு பெயரை மாற்றிவிட்டார்கள் என்று இரண்டு வாரமாக அந்த வீட்டில் பேச்சு. நடந்தது அளவுகோல் கோளாறு. ஒரே துணியை ஒரு பக்கம் முழத்திலும் மறு பக்கம் கஜத்திலும் அளந்த கதை.

இது ஜெயிக்கக்கூடிய இடம். "நான் 1,236-வது வர வேண்டும்" என்று பையன் எழுதினால், விகிதமுறை எங்கள் கொள்கை இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். "இரு கம்பெனி விமானிகளுக்கும் ஒரே வகைத் தேதியை வைத்து எண்ணுங்கள், ஆர்டர் தேதியானாலும் சரி, ரிலீஸ் தேதியானாலும் சரி" என்று எழுதினால் அதை மறுக்க யாராலும் காரணம் சொல்ல முடியாது. எனக்கு எந்த எண் வேண்டும் என்று கேட்கிறவனைவிட, எல்லோருக்கும் ஒரே அளவு வை என்று கேட்கிறவனுக்கு அதிகாரியும் தீர்ப்பாயமும் காது கொடுக்கும். அந்த 219 பேரில் நேர்மையான எவரும் அதை எதிர்க்கவும் மாட்டார்கள்.

ஆட்சேபணைக் கடிதத்தில் இவை இருக்கட்டும். ஆர்டர் தேதி, ரிலீஸ் தேதி, இரண்டுக்கும் ஆதாரப் பிரதி. பட்டியலில் தன் எதிரே எந்தத் தேதி போட்டிருக்கிறது என்ற விவரம். மற்றக் கம்பெனிப் பெயர்களில் நாலைந்து பேரின் வரிசை எண்ணை மட்டும் உதாரணமாக, பெயர் எழுத வேண்டாம். எந்த நாளை வெட்டு நாளாக வைத்துப் பட்டியல் போட்டார்கள், நீண்ட லீவில் இருந்தவர்களையும் இணைப்பு அறிவித்தபின் சேர்ந்தவர்களையும் எப்படி எண்ணினார்கள் என்ற கேள்வி. முறையை எழுத்தில் கேட்பது மிக முக்கியம், ஏனென்றால் எழுதிக் கொடுத்த முறையை அவர்கள் பின்னால் சுலபமாக மாற்ற முடியாது. மெயிலில் அனுப்பி, ஒப்புகை வாங்கி, அதையே பதிவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும். இறுதிப் பட்டியல் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. அரசுப் பணி வழக்குகளிலேயே, ஒரு பட்டியல் நிலைத்து 3, 4 வருடம் ஆகிவிட்டால் அதைக் கலைக்க நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. புதுக் கம்பெனி கொடுக்கும் ஒப்பந்தத்தில் 'சீனியாரிட்டி நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது' என்ற வரி இருந்தால், ஆட்சேபணை நிலுவையில் உள்ளது என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னேன், இது பையனுக்கு மட்டுமல்ல. வேலி. விமானிகள் 'ஃபென்ஸ்' என்பார்கள். பட்டியல் எப்படி வந்தாலும் இத்தனை வருடத்துக்கு இந்தக் கம்பெனியிலிருந்து வந்த விமானங்களின் கேப்டன் இடங்களில் முதல் உரிமை அந்தக் கம்பெனிக்காரர்களுக்கு என்று வேலி போடுவது. வெளிநாட்டுத் தீர்ப்புகள் பலவற்றில் இது உண்டு. மூத்தவருக்கும் இளையவருக்கும் வலியைக் குறைக்க இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. வேலி கேட்பதில் யாருடைய எண்ணும் மாறாது, அதனால் இரு தரப்பும் சேர்ந்தே கேட்கலாம்.

பெரியவர் கிளம்பும்போது பட்டியலை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, "இவன் ஒருத்தன் மட்டுமா சார் இப்படி?" என்று கேட்டார். இல்லை. பழைய கம்பெனியின் 700 பேரும் ரிலீஸ் தேதியில்தான் எண்ணப்பட்டிருக்கிறார்கள். மேலே உள்ள மூத்த கேப்டன்களுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் போகாது. கீழே, 2017 முதல் 2020 வரை சேர்ந்தவர்களுக்குத்தான் இடி, மற்றக் கம்பெனி ஆட்களை அள்ளிய காலம் அது. பையனோடு ஒரே நாளில் ஆர்டர் வாங்கிய பேட்சில் 16 பேர் இருக்கிறார்களாம். 16 பேரும் தங்கள் இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சங்கத்திடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். இன்னும் 11 நாள் இருக்கிறது. பையன் புதன்கிழமை சென்னை வருகிறான். ஆர்டரின் அசலை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.